ஜாடியைத் திருப்பிக் கொடுக்கப் போன கதை

தோட்டத்து முள்ளங்கி, கொத்தவரங்காய், பச்சை மிளகாயெல்லாம் சேர்த்து நேற்றுக் காலை கடுகு ஊறுகாய் போட்டேன். முதல் அறுவடை என்று இங்கே படம் வேறு போட்டுப் பெருமை அடித்துக்கொண்டேன்.

மத்தியானம் எடுத்து நக்கிப் பார்த்தேன், கசந்தது. சாயந்திரமும் கசந்தது. இன்று காலையும் அதே கசப்பு.

புது பீங்கான் ஜாடியின் பூச்சுதான் உள்ளே இறங்கிவிட்டது என்று முடிவு செய்து, ஊறுகாயோடு தூக்கிக்கொண்டு வாங்கிய கடைக்கே போய்விட்டேன். பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்தில் பீங்கானைக் குறை சொல்லத் தைரியம் வேண்டும். காலையில் அது என்னிடம் இருந்தது.

கடைக்கார அம்மா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"கடுகு எப்போ அரைச்சுப் போட்டீங்க?"

"நேத்து காலைல."

"அரைச்ச கடுகு மூணு நாளைக்குக் கசக்கத்தாங்க செய்யும். ஊறுனா சரியாயிடும். சும்மா சும்மா தொறந்தா கெட்டுப் போயிடும். எத்தினி வாட்டி தொறந்தீங்க?"

"ரெண்டு வாட்டிங்க."

ஜாடி வாயில் நான் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்து விரித்துக் காட்டினார். சுற்றிலும் மஞ்சள் விரல் தடம்.

"இத்தினி விரலும் ரெண்டு வாட்டில வந்ததுங்களா?"

கேட்ட கையோடு துணியை இறுக்கிக் கட்டி, ஜாடியைத் தன் பின்னால் மேல் தட்டில் ஏற்றிவிட்டார்.

"உங்க வூட்ல இருந்தா இது ஊறாது. வெள்ளிக்கிழம வந்து எடுத்துட்டுப் போங்க."

வெறுங்கையோடு வந்தேன். திறக்க ஒன்றும் இல்லாமல் ஃபிரிட்ஜை நாலு முறை திறந்து மூடியாகிவிட்டது.

நாளைக்கு டீ கப் வாங்குகிற மாதிரி அந்தக் கடைப் பக்கம் போனால், அந்த அம்மா கண்டுபிடித்துவிடுவாரா?