டிக்கியில் வளர்ந்த கிருமி

“கிருமி கிடைச்சுடுச்சு ஆன்ட்டி!”

போன வாரம் போனில் இப்படி ஒரு குரல். கேட்டதும், “அண்ணாமலையாரே!” என்று வாய்விட்டுக் கும்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வேறு.

எங்கள் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

“இன்னாச்சு?”

“கலைக்குக் கிருமி இருக்குதாங்க!”

“பெத்த பொண்ணு உடம்புல கிருமி இருக்குதுன்னு சொல்றாங்க... நீ இன்னாடான்னா லாட்டரி விழுந்த மாதிரி குதிக்கிற?”

நியாயமான கேள்விதான். கொஞ்ச நாள் முன்னால் வரை நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

கலைவாணி எங்கள் ஒரே பெண். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு இங்கே வந்திருக்கிறாள். வந்த கையோடு காய்ச்சல். சிறுநீர் போனால் எரிச்சல். டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். குறைந்தது. மாத்திரை தீர்ந்ததும் திரும்பி வந்தது... முன்பைவிட ஜாஸ்தியாக.

“குழந்தை நல்லாத்தான் இருக்குது. ஆனா இது கிட்னிக்கு ஏறிடுச்சுன்னா ரெண்டு பேருக்கும் ஆபத்து. நாள் ஆகறதுக்கு முன்னாடியே பிரசவ வலி வந்துடும்” என்றார் டாக்டரம்மா. “மாசமா இருக்கற பொண்ணு. குருட்டாம்போக்குல இன்னொரு மருந்து தர மாட்டேன். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும்னு கல்ச்சர் டெஸ்ட்ல பார்க்கலாம். நடுவுல காய்ச்சல் ஏறினா யோசிக்காம வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.”

கலைக்கு வேறொரு கவலை. “அம்மா, உள்ள இருக்கறது முன்ன மாதிரி உதைக்கலம்மா...”

இதைக் கேட்ட பிறகு எந்தத் தாய்க்குச் சோறு இறங்கும்?

கல்ச்சர் என்றால் என்ன என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பத்தாவதோடு நின்ற எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொண்டேன். சிறுநீரில் ஒரு துளியை எடுத்து, கிருமிக்குப் பிடித்த தீனி பரப்பிய தட்டில் தடவி, இதமான சூட்டில் வைத்து வளர்ப்பார்களாம். வளர்ந்த பிறகு எது என்று பார்ப்பார்களாம். விருந்து வைத்து ஆளைப் பிடிக்கிற வேலை!

ஊருக்கு வெளியே வேங்கிக்கால் பக்கம் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் அந்த லேப் இருக்கிறது. காலையில் எழுந்ததும் போகிற சிறுநீரை அவர்கள் கொடுத்த பாட்டிலில் பிடித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். அப்படியே பிடித்து, பையில் போட்டு, ஸ்கூட்டி டிக்கியில் வைத்துக் கிளம்பினேன்.

ரிப்போர்ட் வந்தது. பல கிருமிகள் கலந்து வளர்ந்திருக்கின்றன, எதுவும் சொல்ல முடியாது, மறுபடி கொண்டுவரவும்.

மறுபடி கொண்டுபோனேன். மறுபடியும் அதே ரிப்போர்ட்.

கலைக்குக் காய்ச்சல் ஏறவில்லை, ஆனால் விட்டபாடும் இல்லை. மாப்பிள்ளை ஊரிலிருந்து போன் மேல் போன். “அத்தை, பேசாம வேலூருக்கே போயிடலாமா?” எனக்குக் கோபம் தலைக்கேறியது. நேராக லேபுக்குப் போய்விட்டேன்.

“ஏம்மா, ஒரு பாட்டிலைப் பார்த்துச் சொல்லத் தெரியாதா உங்களுக்கு?”

அங்கே டெக்னீஷியனாக இருக்கும் ஷபானா எங்கள் ஊர்ப் பெண். பதில் சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா எட்டிப் பார்த்தார். நரைத்த தலை, காட்டன் சுடிதார், மூக்கு நுனியில் கண்ணாடி.

இவரைப் பற்றி ஆட்டோக்காரர் ஒருவர் முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். “ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்து இருக்கறவங்கல்லாம் தியானம் பண்ண வர்றாங்க. இந்தம்மா இன்னாடான்னா காலையில எழுந்து மூத்திர பாட்டில் பார்க்கப் போயிக்கினு இருக்குது!”

பேர் மார்த்தா. ஏதோ ஒரு குளிர் நாட்டில் ஆயுசு முழுக்கக் கிருமி பார்த்தே ரிட்டயர் ஆனவர். இந்த மாதிரி ஊர்களின் லேபுகளில் சில வாரம் தங்கி, சம்பளம் வாங்காமல் கூடவே வேலை செய்து, எங்கே தப்பு நடக்கிறது என்று பார்த்துக் கொடுப்பாராம். வந்த புதிதில் தட்டுகளைச் சோதித்தார், சூட்டுப்பெட்டியைச் சோதித்தார், மருந்துகளைச் சோதித்தார். எல்லாம் சரி. ஆனால் ஒரு விஷயம் மட்டும் அவரைக் குடைந்துகொண்டிருந்ததாம். வேங்கிக்கால் வீடுகளிலிருந்து வருகிற பாட்டில்கள் நன்றாக இருக்கின்றன. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலிருந்து வருவதுதான் கெட்டுப்போகிறது. ஏன்? தண்ணீரில் ஏதாவதா?

என்னை உட்கார வைத்தார். இங்கிலீஷில் கேட்டார். ஷபானா தமிழில் சொன்னாள்.

“பாட்டில் உங்க வீட்டுலேருந்து இங்க வர்ற வரைக்கும் இன்னா நடந்துச்சுன்னு ஒண்ணு விடாம சொல்லச் சொல்றாங்க ஆன்ட்டி.”

“இன்னா நடக்கும்? கோயிலுக்குப் பின்பக்கம், எங்க பே கோபுரத் தெருவுல கிளம்பினேன். கோயில்ல வண்டியை நிறுத்தினேன். உள்ள போய்...”

“கோயிலுக்கா? பாட்டிலோடவா?”

“சிவ சிவா! அதையெல்லாம் உள்ள எடுத்துட்டுப் போவாங்களா? டிக்கியிலயே விட்டுட்டுத்தான் போனேன்.”

ஷபானா மொழிபெயர்த்தாள். மார்த்தாம்மாவின் புருவம் மேலே போனது. வண்டி நிழலில் நின்றதா, வெயிலிலா? வெயிலில். எவ்வளவு நேரம்? முதல் நாள் கூட்டம் கம்மி, சீக்கிரம் வந்துவிட்டேன். இரண்டாவது தடவை...

“ரெண்டாவது தடவை?”

“முதல் ரிப்போர்ட் சரியில்லையே, அதனால கொஞ்சம் அழுத்தி வேண்டிக்கினேன். அர்ச்சனை பண்ணி, பிராகாரம் சுத்தி, அம்மனுக்கு விளக்கேத்தி...”

“சாமிகிட்ட இன்னா ஆன்ட்டி வேண்டிக்கினீங்க?”

“ரிப்போர்ட் நல்லா வரணும்னுதான்!”

ஷபானா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. மார்த்தாம்மா மட்டும் சிரிக்கவில்லை. தேடிக்கொண்டிருந்த சாவி கிடைத்தவர் போல அப்படியே சாய்ந்து உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். பாட்டிலில் பிடிக்கும்போது தோலில் இருக்கும் ஒன்றிரண்டு கிருமியும் கூடவே இறங்கிவிடும். உடனே கொண்டுபோனால் அதனால் பாதகமில்லை. வெயிலில் சூடேறிய டிக்கியில் வைத்தாலோ... அவையும் பெருகிவிடும். லேபில் வளர்க்க வேண்டியதை நான் ஸ்கூட்டியிலேயே வளர்த்துக்கொண்டு போயிருக்கிறேன்! நான் உள்ளே எவ்வளவு நேரம் வேண்டினேனோ, வெளியே அவ்வளவு நேரம் அவை குட்டி போட்டிருக்கின்றன.

எனக்குச் சுருக்கென்றது. “அப்போ நான் சாமி கும்பிட்டதாலதான் எம்பொண்ணுக்கு இப்படியா?”

“கும்பிட்டதால இல்ல ஆன்ட்டி, வெயில்ல வெச்சதால. உடனே கொண்டு வரணும்னு போர்டு வெச்சிருக்கோமே, பார்க்கலையா?”

பார்த்தேன். ‘மாதிரிகளை உடனடியாகச் சமர்ப்பிக்கவும்.’ சமர்ப்பிப்பது என்றால் இந்த ஊரில் எனக்கு ஒரே இடம்தான் தெரியும்!

ஷபானா இதையும் மொழிபெயர்த்தாள். இந்தத் தடவை மார்த்தாம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார்.

“நல்ல ரிப்போர்ட் வேணும்னு கேக்காதீங்க, சரியான ரிப்போர்ட் வேணும்னு கேளுங்கங்கறாங்க.”

அடுத்த நாள் லேபைச் சீக்கிரமே திறந்து வைப்பதாகச் சொன்னார்கள். கலை சுத்தம் செய்துகொண்டு, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடித்தாள். பாட்டிலை ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் டப்பாவில் வைத்தேன். கிளம்பிவிட்டேன்.

ராஜகோபுரம் வந்தது.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து இந்த வாசலை நான் நிற்காமல் தாண்டியதில்லை. கோலமாவு வாங்கப் போனாலும் ஒரு நிமிஷம் நிற்பேன். அன்று நிற்கவில்லை. கையெடுத்துக் கும்பிடவும் முடியவில்லை, வலது கை ஆக்சிலேட்டரில். கண்ணால் மட்டும் கும்பிட்டேன். ‘சரியா வரட்டும்ப்பா’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே முறுக்கினேன்.

இதற்கு நடுவில் டாக்டரம்மா கலைக்குச் சூடு தணிய மட்டும் ஊசி போட்டு, காய்ச்சலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரிப்போர்ட் வருகிற வரை தாங்க வேண்டுமே! எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாமல் மறுநாள் லேபுக்கே போய்விட்டேன். மார்த்தாம்மா கடிந்துகொள்ளவில்லை. கண்ணாடி வழியாக ஒரு தட்டைக் காட்டினார். இன்னொருவருடைய தட்டு. அதில் முழுக்கக் கிருமி, பாலாடை மாதிரி. நடுநடுவே மருந்து தோய்த்த காகிதப் பொட்டுகள். சில பொட்டுகளைக் கிருமி முட்டிக்கொண்டு நின்றது, பயமே இல்லை. சில பொட்டுகளைச் சுற்றி மட்டும் வெறும் வட்டம். தேர் வரும்போது போலீஸ் கயிறு கட்டிக் கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவார்களே, அப்படி. எந்தப் பொட்டுக்குக் கூட்டம் தள்ளி நிற்கிறதோ, அந்த மருந்துதான் அந்த ஆளுக்கு.

எவ்வளவு எளிமை! எவ்வளவு ஆச்சரியம்!

“இவ்ளோ தூரம் வந்து ஏம்மா இந்த வேலை பாக்கறாங்க? கேளு” என்றேன்.

ஷபானா கேட்டாள். மார்த்தாம்மா யோசித்தார். அவர் ஊரில் மெஷின்தான் எல்லாம் செய்கிறதாம், பாட்டில் கொண்டு வருகிறவரின் முகத்தையே அவர் பார்த்ததில்லையாம். இங்கே வந்த பிறகுதான் பாட்டிலுக்கு ஒரு வழி இருக்கிறது, வழியில் ஒரு கோயில் இருக்கிறது என்று தெரிந்ததாம்.

அதற்கு மறுநாள்தான் அந்த போன். ஒரே ஒரு கிருமி, கலப்பில்லாமல். முன்பு சாப்பிட்ட மாத்திரைக்குக் கொஞ்சமும் அடங்காத வகை. அடங்குகிற மருந்துகளில், வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் செய்யாத ஒன்றை டாக்டரம்மா எடுத்தார். காய்ச்சல் இறங்கியது. கலை இட்லிக்குக் காரச் சட்னி கேட்டாள்.

இந்த வாரம் லேபுக்குப் பிரசாதம் கொண்டுபோனேன். மார்த்தாம்மா கிளம்பிவிட்டிருந்தார், அடுத்து வேறு ஏதோ நாட்டு லேபுக்கு. புது மெஷின் எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை. பழைய போர்டு மட்டும் இல்லை. ‘பாட்டிலோடு எங்கேயும் நிற்காமல் நேராக இங்கே வாருங்கள்’ என்று அந்த இடத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒருவரை ஷபானா மடக்கி வைத்திருந்தாள்.

“வழியில எங்க நின்னீங்கண்ணா?”

“எங்கயும் நிக்கலமா. நேரா வந்துட்டேன்.”

“வாய்ல வெத்தலை இருக்குதே, அது எங்க வாங்கினது?”

அவர் அசடு வழிந்தார். நான் சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

வீட்டுக்குத் திரும்பினால் கலை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாடி?”

“மத்தியானம் கண்ணே மூட முடியலம்மா. உன் பேரப்புள்ள உதைச்சுக்கினே இருக்குது.”

பெண்ணைப் பெற்றவள் நான் எத்தனையோ புகார் கேட்டிருக்கிறேன்... இப்படி இனிக்கிற புகாரை இப்போதுதான் கேட்கிறேன்!