சபாத் மத்தியானம் நான் சொன்ன வார்த்தை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அப்படியிருந்தும் சுவிசில், லாங்கன்தாலில் சொந்த வீடு, கோயிலுக்கு ஒரு தேர்க்கொட்டகை, பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம், எங்கடின் மலைப்பக்கம் யூதர்கள் வந்து தங்கும் ஹோட்டலில் தலைமைச் சமையல்காரன் பதவி. கோப்பை கழுவ வந்தவனிடம் இறைச்சிக்கு ஒரு சமையலறை, பாலுக்கு வேறொரு சமையலறை என்று இரண்டையும் ஒப்படைத்தார்கள் என்றால் பாருங்கள். அவர்கள் முறைப்படி அடுப்பைப் பற்றவைக்க மட்டும் அவர்களின் குரு, ராபி, வருவார். மீதியெல்லாம் நான். இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஒரு பேராசிரியரின் புத்தகத்தில் வரப்போகும் மிக நல்ல வசனம் என்னுடையது.

போன பனிக்காலம், ஒரு சனிக்கிழமை. அது அவர்களின் சபாத், ஓய்வுநாள். நெருப்பு மூட்டமாட்டார்கள், எழுதப் பேனை தொடமாட்டார்கள். வெள்ளிக்கிழமையே அடுப்பில் ஏற்றிச் சூட்டில் விட்ட, அவரைக்கொட்டையும் இறைச்சியும் போட்ட குழம்பை நானே மேசைக்குக் கொண்டுபோனேன். பரிமாறுவது என் வேலையில்லை. ஆனால் பாராட்டை நேரில் வாங்க வேண்டாமா?

மேசையில், தங்க வந்திருந்த பேராசிரியருக்கும் அவருடைய மைத்துனருக்கும் அவர்களின் பழைய சட்டத்தைப் பற்றிச் சண்டை. பேசியது ஜெர்மன்; எனக்கு வருகிற தமிழில் தருகிறேன்.

"வாயால வந்த சட்டத்தை எழுதக்கூடாதெண்டு விதி. பிறகேன் எங்கட பழைய ஆக்கள் எழுதினவை?" என்றார் மைத்துனர்.

"படிச்ச பெரியாக்கள் செத்துப்போச்சினம், சனம் சிதறிப்போச்சு. மறந்துபோயிடுமெண்ட பயம்" என்றார் பேராசிரியர்.

நான் சட்டியை வைத்தேன். "மறதி சின்னப் பிரச்சினை ஐயா. என்ர குழம்பையும் ஒருத்தரும் எழுதக்கூடாதெண்டுதான் வச்சிருந்தன். குடலிறக்க ஒப்பரேசனுக்குப் போட்டு வந்து பாத்தா, எனக்குப் பதிலா நிண்டவன் குழம்புக்குச் சீனி போடுறான். கேட்டா, நான் சொன்னதாம்! அண்டைக்கே எழுதுவிச்சுச் சுவரில ஒட்டினன். எழுதிறது ஞாபகத்துக்கில்லை. சீனி போடாமல் இருக்கிறதுக்கு."

பேராசிரியர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "இது என்ர புத்தகத்தில வரும். இப்ப எழுதேலாது. பொழுதுபடட்டும்."

பின்னேரம், என்னோடு வேலை செய்யும் மட்டக்களப்புத் தங்கச்சி மண்டபத்துக்குத் தேநீர் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணை, உங்கட கதைதான் அங்க ஓடுது. ஆனா சீனி உப்பாப் போச்சு. சொன்னது மைத்துனராம்."

"மைத்துனரோ? அந்தாளுக்கு முட்டை அவிக்கத் தெரியுமோ?"

"நீங்க அப்பவே எழுதி வச்சிருக்கலாமே. உங்களுக்கென்ன சபாத்தா?"

தலைமைச் சமையல்காரன் பேனை தூக்குவதில்லை. ஏப்ரனைக் கழற்றிவிட்டு மண்டபத்தில் போய் நின்றேன். மலைக்கு மேலே மூன்று நட்சத்திரம் தெரிந்து, சபாத் முடிந்ததும் பேராசிரியர் மடிக்கணினியைத் திறந்தார். திறந்ததும் உப்பு என்று அடித்தார்.

"உப்பில்லை ஐயா, சீனி! சொன்னதும் நான்!"

"நானும் சொன்னன்" என்றார் மைத்துனர்.

"நீங்கள் சொன்னது நான் சொன்னதை!"

சுற்றியிருந்தவர்களில் பாதிப்பேர் மைத்துனர் பக்கம். பேராசிரியருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "ஒரு பின்னேரத்துக்குள்ள ரெண்டு பாடபேதம்! எங்கட பழைய ஆக்களும் ரெண்டையும்தான் எழுதி வச்சவை." அப்படியே அடித்தார்: சீனி என்பர் சிலர், உப்பு என்பர் சிலர், சொன்னவர் சமையல்காரர் என்பர் சிலர், மைத்துனர் என்பர் சிலர்.

"சொன்ன ஆளைச் சொல்லித்தான் ஒரு சொல்லைச் சொல்ல வேணுமெண்டு நீங்கள்தானே முந்தநாள் சொன்னியள்?" என்றேன்.

"அதுதானே ரெண்டு பேரையும் போட்டிருக்கிறன்."

புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று கேள்வி. பேராசிரியர் ஐயா, யாராவது உங்களுக்கு இந்தத் தமிழை வாசித்து விளங்கப்படுத்துவார்கள். என் பெயர்கூட வேண்டாம். "எங்கடின் ஹோட்டலொன்றின் தலைமைச் சமையல்காரர், தமிழர், சொன்னது" என்று ஒரு வரி போடுங்கள். 'என்பர் சிலர்' வேண்டாம். மைத்துனரை எடுத்துவிடுங்கள்.