சனி, ஞாயிறு மெஷின்கள்

ஆயிலக்கா என்னிடம் பேசிய முதல் வார்த்தையே திட்டுதான். அறக்கட்டளை அலுவலகத்தில் நான் கிளார்க்காகச் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. முப்பது தையல் மெஷின்கள் வந்து இறங்கியிருந்தன. தலை ஒரு பெட்டி, ஸ்டாண்ட் ஒரு பெட்டி. நான் ரொம்பப் பொறுப்பாக எல்லாத் தலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரோரம் அடுக்கியிருந்தேன். தலைகளை ஸ்டாண்டில் பூட்ட வந்த ஆயிலக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தார்.

"இத யாரு அடுக்குனது? செங்கல்னு நெனச்சீங்களா சார்?"

நான்தான் என்றேன்.

"அப்ப நீங்களே இறக்கிடுங்க. நான் டீ குடிச்சிட்டு வரேன்."

முப்பதையும் இறக்கினேன். மூன்று நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. இந்தப் பொம்பளையோடு எப்படிக் காலம் தள்ளப் போகிறோம் என்று வீட்டில் போய்ப் புலம்பினேன்.

ஐம்பதைத் தொட்ட வயது, குட்டையான உருவம். கொண்டையில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகிவிட்டு, அதையே தேடிக் கடையைப் புரட்டிப் போடுவார். எத்தனை சோப்பு போட்டாலும் விரலில் மெஷின் ஆயில் வாசம் போகாது. பேரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். முன்பு துணி ஃபேக்டரியில் பதினோரு வருடம் தைத்தவர். அங்கே மெஷின் நின்றுபோனால் மெக்கானிக் வரும்வரை தைக்கிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. மெக்கானிக்கோ பாதி நேரம் வெளியே சிகரெட்டும் கையுமாக நிற்பார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அக்கா ஒருநாள் தானே மெஷினைத் திறந்துவிட்டார். கொஞ்ச நாளில் வரிசையில் எல்லாரும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். மெக்கானிக் போய் வத்தி வைத்தார், மேனேஜர் கத்தினார், அக்கா அவரைவிடச் சத்தமாகக் கத்தி, வேலையை உதறிவிட்டு ஒரு மாடிப்படிக்குக் கீழே அறை பிடித்துக் கடை போட்டார். சாதாரண உயரம் உள்ளவர்கள் நிமிர்ந்தால் மண்டை இடிக்கும் அறை. "நான் குட்டையா பொறந்ததே இந்தக் கடைக்காகத்தான்" என்பார்.

எங்கள் அறக்கட்டளை ஒரு மரக்கடை முதலாளியுடையது. பெரியவர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். வருடா வருடம் முப்பது ஏழைப் பெண்களுக்கு மேடை போட்டுத் தையல் மெஷின் கொடுப்பார். அவற்றைப் பூட்டி, ஓட்டிப் பார்த்து, கொடுத்த பிறகு ஒரு வருடம் இலவசமாகப் பழுது பார்ப்பது வரை அக்கா பொறுப்பு. அவருக்கு வருடத்தில் விழும் ஒரே பெரிய வேலை அது. நான் சேர்ந்த மறு வருடம் முப்பதை அறுபதாக்கப் போவதாகப் பெரியவர் அறிவித்தபோது அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மெயின் ரோட்டில் ஒரு கடை காலியாக இருந்தது. ஷட்டர் வைத்த கடை, கொஞ்சம் நெருக்கினால் உள்ளே நாலு மெஷின் போடலாம். கடைக்காரரிடம் வாய்ப்பேச்சாகச் சொல்லியும் வைத்துவிட்டார். கணவர் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். வண்டியை அந்தக் கடை வழியாகவே விட்டு, ஷட்டருக்கு என்ன பெயின்ட் அடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாராம்.

என் வேலை விழாவில் போட்டோ எடுக்க ஆள் பிடிப்பதும் ஆண்டறிக்கை எழுதுவதும். 'முப்பது குடும்பங்களில் ஒளி ஏற்றினோம்' என்று எழுதியவன் நான்தான். அந்த முப்பதில் ஒரு வீட்டு வாசலைக்கூட நான் மிதித்ததில்லை.

அக்கா மிதித்தார். ஒரு கொத்தனாரின் மனைவி, நாற்பத்தைந்து வயதுக்காரி, மெஷின் சரியில்லை என்று மூன்றாவது முறையாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். போய்ப் பார்த்தால் மெஷின்மேல் துணி மடித்து அடுக்கியிருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துக் கீழே வைத்துவிட்டு அக்கா மிதித்துப் பார்த்தார்.

"வெண்ணெயாட்டம் ஓடுது. என்னடி கோளாறு இதுல?"

"ஊசிக் கண்ணு ரொம்பச் சின்னதா போட்டிருக்காங்கக்கா."

"எல்லா ஊசிக்கும் இதே கண்ணுதான். எங்க, நூலக் கோத்துக் காட்டு."

அவள் நூல் நுனியை நாக்கில் நனைத்தாள், முறுக்கினாள், ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்தாள். நூல் ஊசிக்கு இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது. ஏழெட்டுத் தடவை ஆனதும் சிரித்து மழுப்பினாள்.

"பாப்பா ஸ்கூல்லேர்ந்து வந்து கோத்துடுவாக்கா."

"அவ வர்றதுக்குள்ள நூல் அறுந்துட்டா?"

"அறுந்தா அப்படியே கெடக்கும்."

"அப்ப மெஷின் எப்பதான்டி ஓடும்?"

"சனி, ஞாயிறு ஓடும்."

அக்கா தன் கண்ணாடியைக் கழற்றி அவள் மூக்கில் மாட்டினார். பக்கத்தில் இருப்பதைப் பார்ப்பதற்கான சாதாரணக் கண்ணாடி. நூல் முதல் தடவையிலேயே உள்ளே போனது. அவள் போன மாதம் தைத்த பாவாடையை எடுத்துக் கண்ணருகில் பிடித்தாள். "ஐயோ, இந்தக் கோணலையா நான் தெச்சுக் குடுத்தேன்?" என்றாள். அப்புறம் அரிசி முறத்தைப் பார்த்தாள். "இவ்ளோ கல்லா! அந்த மனுசன் சோத்துல கல்லுன்னு கத்துனதெல்லாம் நெஜம்தானா?"

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அக்கா கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை என்னால் மறக்க முடியவில்லை. "இனாமா குடுத்த மெஷின்க்கா. எனக்குக் கண்ணு சரியா தெரியலன்னு சொன்னா, தூக்கி வேற யாருக்காவது குடுத்துட மாட்டாங்களா?"

அக்கா ஒரு ஊசியும் நூல்கண்டும் எடுத்துக்கொண்டு முப்பது வீட்டுக்கும் போய் வந்தார். பிறகு அலுவலகத்துக்கு வந்து என் மேசைமுன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பதினாறு வீட்ல மெஷின் ஓடல தம்பி. ரெண்டு பேருக்குத் தைக்கவே புடிக்கல, யாரோ பேர் குடுத்துட்டாங்க. ரெண்டு வீட்ல மெஷினே இல்ல, வித்துட்டாங்க. மீதி பன்னெண்டு பேருக்கும் வெள்ளெழுத்து. அறுபது மெஷின் வாங்க வேண்டாம்னு ஐயாகிட்ட சொல்லுங்க. ஒரு மெஷின் விலையில ஒரு தெருவுக்கே கண்ணாடி வாங்கலாம். செருப்பு தைக்கிறவங்க, அரிசி பொடைக்கிறவங்க, எல்லாரும் இப்படித்தான் குருட்டாம்போக்குல வேல பாக்கறாங்க."

"அக்கா, உங்க பொழப்புல நீங்களே மண்ணள்ளிப் போட்டுக்கறீங்க."

"தெரியும். அதான் இங்க வர மூணு நாள் ஆச்சு."

பெரியவர் முன்னால் அக்காவை அழைத்துப் போனேன். பெரியவர் நல்ல மனிதர்தான். ஆனால் மஞ்சள் பெயின்டில் தன் பேர் எழுதிய மெஷின்கள் மேடையில் வரிசையாக நிற்பதைப் பார்க்க அவருக்கு ஒரு ஆசை உண்டு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"கண்ணாடியில எங்கய்யா பேர் எழுதறது?"

"கண்ணாடிக் கூட்டுமேல எழுதலாங்க ஐயா" என்றேன்.

"மேடையேத்தி இத்துனூண்டு கூடு குடுத்தா ஊரே சிரிக்கும்."

"நான் சொல்றத நம்ப வேண்டாம் ஐயா" என்றார் அக்கா. "அந்தப் பன்னெண்டு பேருக்கு மட்டும் கண்ணாடி குடுங்க. மூணு மாசம் கழிச்சு நீங்களே வந்து பாருங்க. ஓடலன்னா என்னை மாத்திட்டு வேற ஆளப் போட்டுக்குங்க."

பெரியவர் யோசித்தார். மரத்தைத் தட்டிப் பார்க்காமல் வாங்காத ஆள் அவர். "சரி, பாப்போம். அதுவரைக்கும் மெஷினும் வேண்டாம், விழாவும் வேண்டாம்" என்றார்.

வழக்கமான முப்பது மெஷினாவது கிடைக்கும் என்று அக்கா நினைத்திருக்க வேண்டும். படியிறங்கியதும் மெயின் ரோட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்கடைக்காரரை அழைத்துக்கொண்டு பன்னிரண்டு வீட்டுக்கும் போய்ப் பவர் பார்த்துக் கொடுத்தோம். அதற்குள் மெயின் ரோட்டுக் கடையை ஒரு செல்போன்காரர் எடுத்துக்கொண்டார். ஷட்டருக்கு அவர் அடித்தது கத்திரிப்பூ நிறம். "ஊருக்கெல்லாம் கண்ணக் குடுத்துட்டு நம்ம கடைய விட்டுட்டியே" என்று கணவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாராம். எனக்கு முதலில் பெரியவர்மேல் கோபம் வந்தது. பிறகு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காத அக்காமேல் வந்தது. என்மேல் வரத்தான் ரொம்ப நாள் பிடித்தது.

மூன்று மாதம் கழித்து, யாருக்கும் சொல்லாமல், ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்குப் போனோம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம் வேண்டும் என்று அக்காதான் கிழமையும் மணியும் குறித்துக் கொடுத்தார். தெருமுனையில் காரை விட்டு இறங்கியதும் பெரியவர் அப்படியே நின்றுவிட்டார். வீட்டுக்கு வீடு கடகடவென்று சத்தம்.

"என்னய்யா, தெருவே நம்ம மரக்கடை மாதிரி இரையுது!"

பன்னிரண்டில் ஒன்பது ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தியின் கண்ணாடிமேல் அவள் வீட்டுக்காரர் உட்கார்ந்துவிட்டார். ஒருத்தி தன் மகளின் ஊருக்குப் போயிருந்தாள். இன்னொருத்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள்; தையலைப் பற்றிக் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றாள். அக்காவுக்கு அவள்மேல் வந்த கோபத்தைப் பார்த்துப் பெரியவரே சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. பெரியவர் கொத்தனார் மனைவியிடம், முன்னாலேயே கண் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டார். அவள் மிதிப்பதை நிறுத்திவிட்டு முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். காரில் திரும்பும்போது பெரியவர் ஜன்னலை இறக்கித் தெருவையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "அவங்க சொல்லலன்னு சொல்றேன். நாம போயிக் கேக்கவே இல்லையேய்யா" என்றார். அந்த 'நாம'வில் நானும் இருந்தேன்.

அந்த வருடம் பதினைந்து மெஷின்தான் வாங்கினோம். ஏற்கெனவே கையால் தைத்துக்கொண்டிருந்தவர்களாகத் தேடிப் போய், கண்ணைப் பார்த்துவிட்டுக் கொடுத்தோம். மீதியெல்லாம் கண்ணாடி. விழாவும் நடந்தது, கூட்டுமேல் மஞ்சள் எழுத்தில் பேரும் எழுதினோம். அதைப் பெரியவர் விட்டுக்கொடுக்கவில்லை. எது கொடுத்தாலும் மூன்று மாதம் கழித்து, வேலை நாளில், வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது இப்போது என் வேலை. முழங்கால் வலிக்கிறது. ஆனால் அறிக்கை எழுத உட்காரும்போது எனக்கு எழுத ஏதோ இருக்கிறது.

போன வாரம் அடுத்த விழாவுக்கான பெண்களின் பட்டியல் பற்றிப் பேசுவதற்காக மாடிப்படிக் கடைக்குப் போனேன். குனிந்து உள்ளே நுழைந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். ரோட்டுக் கடை போனதில் வருத்தம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன்.

"இல்லாம இருக்குமா? அந்தப் பக்கம் போனா மூஞ்சத் திருப்பிக்குவேன்" என்றார் அக்கா.

அப்போது வேகமாக ஒருத்தி வந்து நின்றாள். கண்ணாடி நெற்றிக்கு மேலே ஏறியிருந்தது. கொத்தனார் மனைவி. கையில் அறுந்துபோன மெஷின் பெல்ட். நாள் முழுக்க மிதித்து மிதித்துத் தேய்ந்து, நடுவில் நூலாய் இளைத்திருந்தது. அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த இரண்டு வருடத்தில் அந்தத் தெருவுக்கு அவர் ஒரு பெல்ட்கூட மாற்றியதில்லை. ஓடாத மெஷினுக்குப் பெல்ட் எதற்கு? புதுப் பெல்ட்டை எடுத்து அளவு பார்த்து வெட்டவும், கொக்கி தேடவும் கொஞ்ச நேரம் ஆனது.

"இன்னும் எவ்ளோ நேரம்க்கா?" என்று அவள் எரிந்து விழுந்தாள். "ஒரு பெல்ட்டுக்கு இவ்ளோ நேரமா? இருவது யூனிஃபார்ம் பாதியில கெடக்கு. சாயந்தரத்துக்குள்ள குடுக்கணும். உங்களால முடியலன்னா சொல்லுங்க, நான் வேற கடை பாத்துக்கறேன்."

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். மேனேஜரையே உண்டு இல்லை என்று ஆக்கிய வாய். என்ன வரப்போகிறதோ என்று ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கியது. "இதோ ஆச்சும்மா, ஆச்சு. கோவிச்சுக்காத" என்றார்.