கீழத்தெரு வால்வு

புதுக்கோட்டையில் குழாய்த் தண்ணீர் வந்த புதிதில் வால்வுகளைத் திறந்து மூடும் வேலை எனக்கு. பெரிய குழாய் ஒன்று இரண்டு தெருவுக்குப் பிரியும். கீழத்தெரு பள்ளம், நான் குடியிருந்த மேலத்தெரு மேடு. இரண்டு வால்வையும் முழுக்கத் திறந்தால் தண்ணீர் பூராவும் பள்ளத்துக்கே ஓடிவிடும், மேட்டுக் குழாய் வெறும் காற்றைத் துப்பும். அதனால் கீழத்தெரு வால்வை மட்டும் குறைவாகத் திறந்து தண்ணீரை நெருக்க வேண்டும். எவ்வளவு என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டு தெருவுக்கும் மாறி மாறி ஓடி, குடம் நிறையும்வரை வாய்விட்டு எண்ணி, இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் நிறையும்படி நானே கண்டுபிடித்தேன். முழுக்க மூடிவிட்டு, மூன்று சுற்று திறக்க வேண்டும். அதற்கு ஒரு மாதம் நாயாய் அலைந்தேன்.

அந்த மூன்று சுற்றை ஒருவனிடம்தான் சொன்னேன். கூட வேலை பார்த்தவன், என் வீட்டில் உரிமையோடு தட்டைப் போட்டு உட்காருகிறவன். எனக்குக் காய்ச்சல் கண்டபோது வால்வு திருப்பும் இரும்புச் சாவியை அவனிடம் கொடுத்தேன். உடம்பு தேறிய பிறகும் கீழத்தெருவை அவன் பொறுப்பிலேயே விட்டுவிட்டேன்.

கொஞ்ச நாளில் மேலத்தெருவில் தண்ணீர் நூலாக இறங்கியது. நிறைமாதமாக இருந்த என் மனைவி காலிக் குடத்தோடு வந்து, "அந்த வால்வப் போயி ஒரு தடவ பாருங்க" என்றாள்.

"அவன் அப்படிச் செய்யிற ஆளா? வாய மூடு" என்று எரிந்து விழுந்தேன்.

குழாய்தான் அடைத்திருக்கிறது என்று சாதித்தேன். பத்து நாள் அவள் ஊருணிக்கு நடந்தாள். கடைசியில் ரோட்டைத் தோண்டிக் குழாயைக் கழற்றினோம். உள்ளே ஓர் அடைப்பும் இல்லை.

பிறகுதான் அவனிடம் சாவியை வாங்கிக்கொண்டு, அவனையும் கூட்டிக்கொண்டு கீழத்தெருவுக்குப் போனேன். எண்ணிக்கொண்டே மூடினேன். மூன்றில் நிற்க வேண்டியது எட்டில் நின்றது.

அவன் மறைக்கவே இல்லை. "எம் மாமனார் வீடு இங்கிட்டுத்தானேப்பா இருக்கு. நீ வந்து பாக்கமாட்டேன்னு தெரியும்" என்றான். நான் நம்புவேன் என்பதை நம்பித்தான் அவன் திறந்திருக்கிறான்.

வால்வைப் பழையபடி வைத்துவிட்டு ஓடினேன். மேலத்தெருக் குழாயில் தண்ணீர் தடதடவென்று விழுந்துகொண்டிருந்தது. மனைவி குடம் வைத்திருந்தாள். நடந்ததைச் சொல்லி, "இப்படிப் பண்ணிட்டானே" என்றேன்.

அவள் தலை நிமிரவில்லை. "அவரு அவரு வீட்டாளுகளுக்குப் பண்ணுனாரு. நீங்க யாருக்குப் பண்ணுனீங்க?"

குடம் நிறைந்தது. தூக்கிவிடக் கை நீட்டினேன். அவளே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.