துளசியின் பின் டயர்

பதினேழு நாளில் நான்கு பஞ்சர். நான்கும் பின் டயரில்.

நான்காவது முறை குளுகோர் அருகே, கடலோர சைக்கிள் பாதையில், காலை ஆறு ஐம்பதுக்குக் காற்று இறங்கியது. துளசி உடனே இறங்கவில்லை. காற்றில்லாத சக்கரத்தோடு இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தாள். விளிம்பு தரையில் இடித்து முதுகெலும்பு வரை அதிர்ந்த பிறகுதான் இறங்கினாள். இறங்கியும் நிற்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடினாள். பாயான் லெப்பாஸ் போய்ச் சேர இன்னும் ஆறு கிலோமீட்டர் இருந்தது.

துளசிக்கு நாற்பத்தொரு வயது. பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் கணவன் குகனோடு இருக்கிறாள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடமாக வேலை. பழுதாகித் திரும்பி வரும் மின்னணுச் சில்லுகளை நுண்நோக்கியின் அடியில் வைத்து, எந்த இடத்தில் எதனால் பழுது வந்தது என்று கண்டுபிடித்து எழுதுவது அவள் பொறுப்பு. மூன்று வருடத்துக்கு முன்பு வரை காரில்தான் போய்வந்தாள்.

அப்போது அவள் அப்பா அய்யாக்கண்ணு நீரிழிவு முற்றி மருத்துவமனையில் இருந்தார். குகன் விடுப்பு எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தான். ஒரு நாள் மாலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு அவனிடமிருந்து அழைப்பு வந்தது: "ஒடனே கெளம்பி வா." வேலை முடிந்து எல்லாத் தொழிற்சாலைகளும் ஒரே நேரத்தில் ஆட்களை வெளியே விடுகிற வேளை. விரைவுச்சாலையில் கார்கள் அசையாமல் நின்றன. ஓர் இடத்தில் மட்டும் பதினான்கு நிமிடம் நின்றாள். மோட்டார் சைக்கிள்கள் இடுக்கில் நுழைந்து போய்க்கொண்டே இருந்தன. சைக்கிளில் ஒருவர்கூட, பின்னால் காய்கறிக் கூடை கட்டிக்கொண்டு, அவளைத் தாண்டிப் போனார். ஆறு நாற்பதுக்கு அவள் மருத்துவமனை வாசலில் ஓடி ஏறியபோது அப்பா போய் இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

குகன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "கடைசி வரைக்கும் உன் பேரத்தான் சொல்லிட்டே இருந்தாரு, துளசி."

அதற்குப் பிறகு அவளால் நிற்கிற காரில் உட்கார முடியவில்லை. கார் நின்றால் கால் தானாக ஆடத் தொடங்கும். நெஞ்சு இறுகும். கை கதவுப் பிடியைத் தேடும். ஒருமுறை ஜாலான் ஜெலுத்தோங்கில் சிவப்பு விளக்கில் நின்றபோது, ஓட்டிக்கொண்டிருந்த குகனிடம் ஒன்றும் சொல்லாமல் கதவைத் திறந்து இறங்கி வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். அடுத்த மாதம் தன் காரை விற்றாள். சைக்கிள் வாங்கினாள். எந்த நெரிசலும் தன்னை இனி நிறுத்தாது என்று நினைத்தாள்.

பஞ்சர் நிறுத்தியது. பாதையோரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்கும்போதெல்லாம் அதே இறுக்கம் நெஞ்சில் ஏறியது.

சைக்கிள் கடை சுலைமானுடையது. முப்பது வயதுக்காரன். ஒரு கையில் எப்போதும் போன் இருக்கும். நான்காவது டியூபை மாற்றும்போது அவனுக்கே பொறுக்கவில்லை.

"அக்கா, நீங்க ரோட்டுல ஓட்டுறீங்களா, ஆணிக்கடைக்குள்ள ஓட்டுறீங்களா?"

"பழைய டியூபையெல்லாம் கொடு தம்பி. தூக்கிப் போட்டுராத."

நான்கையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். குளியலறை வாளியில் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொன்றிலும் காற்றடித்து அமுக்கி, குமிழி வரும் இடத்தைப் பேனாவால் வட்டமிட்டாள். பிறகு நான்கையும் கூடத்துத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். காற்றடிக்கும் வால்விலிருந்து ஒரு சாணும் இரண்டு விரலும் தள்ளி, நான்கிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் ஓட்டை. நான்கும் தரையைப் பார்க்கும் பக்கத்தில். வால்வை டயரில் எழுத்து இருக்கும் இடத்துக்கு நேராக வைத்து மாட்டுவது சுலைமானின் பழக்கம். அப்படியானால் குற்றம் பாதையில் இல்லை. டயருக்குள்ளேயே ஏதோ குத்திக்கொண்டு நிற்கிறது. புது டியூப் போடப் போட, அது இன்னொரு முறை குத்துகிறது.

டயரைக் கழற்றி உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் முழுக்க மெதுவாக இழுத்தாள். ஓரிடத்தில் பஞ்சு மாட்டி இழை இழுத்தது. இடுக்கியால் பிடுங்கினாள். லாரி டயர் வெடித்துச் சாலையில் சிதறும்போது அதிலிருந்து உதிரும் கம்பி. முடியளவு கனம், நீளம் ஒரு அரிசியில் பாதி.

வெள்ளைத் தாளில் அதை வைத்துக் குகனிடம் காட்டினாள். அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தான்.

"இதுக்கா இத்தன நாளு தூங்காம கெடந்த?"

"இதுக்குத்தான்."

அன்று இரவு நன்றாகத் தூங்கினாள். எட்டாம் நாள், பாதையோரத்தில் தூண்டில் போடுகிறவர்கள் யாரோ விட்டுப்போன முள் ஒன்று அதே பின் டயரில் ஏறியது.

சுலைமான் கடைக்கு நேராகப் போய், இருப்பதிலேயே கெட்டியான டயர் வேண்டும் என்றாள். அவன் மூன்றை எடுத்துப் போட்டான். முதலாவது மெல்லியது, வேகமாகப் போகும், கண்ணாடிச் சில் பட்டால் தீர்ந்தது. இரண்டாவதில் ரப்பருக்கு அடியில் நெருக்கமாக நெய்த ஒரு துணிப்பட்டை. மூன்றாவதில் விரல் தடிமனுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு ரப்பர் அடுக்கே உள்ளே ஓடியது.

"நடுவுல உள்ளத எடுங்கக்கா. தெனம் வேலைக்கு ஓட்டுறவங்களுக்கு இதத்தான் போடுவேன். காத்த மட்டும் வாரா வாரம் பாத்துக்கணும்."

"இது ஏன் வேண்டாங்குற?" மூன்றாவதைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஆணி ஏறுனாலும் டியூபத் தொடாது, அது உண்மதான். ஆனா கனம்லா. வெறைப்பு வேற. என்னைக்காச்சும் அறுந்துச்சுன்னா ரோட்டுல ஒங்களால கழட்ட முடியாது."

"எனக்கு வழியில நிக்கக்கூடாது தம்பி. கனம் பரவாயில்ல."

"நிக்காத டயர் எவனும் செய்யலக்கா," என்று சொல்லிக்கொண்டே மாட்டிக் கொடுத்தான்.

இரண்டு மாதம் பஞ்சர் இல்லை. வேலைக்குப் போய்ச் சேர ஆறு நிமிடம் கூடுதலாக ஆனது, தொடை வலித்தது, அவ்வளவுதான். ஆனால் நிம்மதி வரவில்லை. பாதையில் எது மினுங்கினாலும் சைக்கிளை ஒடித்துத் திருப்பினாள். விளக்கில் நின்றால் பின்னால் கைவிட்டு டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். காலையில் ஐந்து மணிக்கே எழுந்து மறுபடி அமுக்கினாள். கல்போல இருந்தது. பல் தேய்த்துவிட்டு வந்து இன்னொரு முறை அமுக்கினாள். காப்பியோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த குகன் பாதிக் காப்பியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனான்.

மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, பினாங்குப் பாலத்துக்கு அடியில் பாதை வளையும் இடத்தில், உடைந்த கத்தித் தகடு ஒன்று அந்த டயரைக் குறுக்கே கிழித்தது. காற்று ஒரே மூச்சில் போய்விட்டது.

பையில் புது டியூபும் பம்பும் இரண்டு பிளாஸ்டிக் நெம்புகோலும் இருந்தன. சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்து நெம்பினாள். டயர் விளிம்பை விட்டு அசையவே இல்லை. மீண்டும் நெம்பினாள். உள்ளங்கை சிவந்தது. அப்போது போன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டுக் கல்திட்டின் மேல் வைத்தாள்.

"எங்க இருக்க? சேந்துட்டியா?" என்றான் குகன். அவன் வேலை பாலத்துக்கு அந்தப் பக்கம், செபராங் ஜெயாவில், ஒரு காப்புறுதி அலுவலகத்தில்.

"பாலத்துக்கு அடியில. பஞ்சர்."

"இரு, நான் வந்து கூட்டிக்கிறேன். அட, எங்க வர்றது. நான் மேலயே மாட்டிக்கிட்டேன். முன்னால லாரி கெட்டுப்போச்சாம். அரை மணியா அசையல."

துளசி நிமிர்ந்து பார்த்தாள். பாலத்தில் லாரிகளின் தலைகள் வரிசையாக, அசையாமல் தெரிந்தன. அவற்றுக்கு நடுவில் எங்கோ அவனும் இருந்தான்.

"அன்னிக்கு எனக்கும் இப்படித்தான்," என்றாள். இதை அவள் இதுவரை அவனிடம் பேசியதில்லை. "எறங்கி ஓடிரலாம்னு தோணுச்சு. கார வழியில விட்டுட்டு எப்படின்னு உக்காந்தே இருந்தேன். அங்க அப்பா என் பேரச் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டு இருந்தப்ப நான் ஏசியப் போட்டுட்டு உக்காந்திருந்தேன்."

குகன் கார் சன்னலை ஏற்றுவது போனில் கேட்டது.

"துளசி, அவரு கூப்புடல."

"என்ன?"

"மத்தியானத்துக்கு மேல அவரு பேசவே இல்ல. கண்ணத் தொறக்கல. நீ ஓடி வந்து நின்னதப் பாத்து எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அப்படிச் சொன்னா ஒனக்கு ஆறுதலா இருக்கும்னு நெனச்சேன்."

அவள் நெம்புகோலைக் கையில் பிடித்தபடி இருந்தாள். கட்டைவிரல் அதன் முனையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

"மூணு வருஷம்," என்றாள்.

"சொல்லிரணும்னு எத்தனையோ தடவ—"

"போன வைங்க."

அடுத்த நெம்பலில் நெம்புகோல் இரண்டாக ஒடிந்தது. மற்றதை எடுத்தாள். அதுவும் வளைந்தது. கொஞ்ச தூரத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவர் தண்ணீர்ப் புட்டியோடு வந்து பக்கத்தில் குந்தினார். தன் பெயர் ஹைருல் என்றார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறொன்றும் கேட்கவில்லை. டயரின் இரண்டு ஓரங்களையும் விளிம்பின் நடுப்பள்ளத்துக்குள் அமுக்கிவிட வேண்டும், சுற்றிலும் அப்படிச் செய்தால் எதிர்ப்பக்கம் தளரும் என்று மலாயில் சொல்லிக் கையால் காட்டினார். அவள் குதிகாலால் மிதித்தாள், அவர் பிடித்துக்கொண்டார். சுற்றிச் சுற்றி அமுக்கிய பிறகு டயர் ஒரு பக்கம் தொளதொளத்து வெளியே வந்தது. கிழிசலுக்கு உட்புறம் பழைய டியூபிலிருந்து ஒரு துண்டை வெட்டி வைத்து, புது டியூபைப் போட்டு, காற்றடித்து முடிக்க எட்டு மணி ஆகிவிட்டது.

வேலையில் யாரும் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஒரே சில்லை முற்பகல் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் எதுவும் படவில்லை.

மாலையில் சுலைமான் கடையில் நடுவிலுள்ள டயரைக் கேட்டாள். அவன் மாட்டப் போனபோது தானே மாட்டுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டாள். மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். வெறும் கையால் வந்தது.

"போதும்க்கா, டயர் தேஞ்சிரும்," என்றான் அவன்.

அந்த டயரிலும் ஏப்ரலில் ஒரு பஞ்சர் வந்தது. பன்னிரண்டு நிமிடத்தில் மாற்றிக்கொண்டு போனாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடாமல், அங்கேயே நின்று செய்தாள்.

குகனோடு நான்கு நாள் அவசியத்துக்கு மட்டுமே பேசினாள். ஐந்தாம் நாள் சாப்பிடும்போது கேட்டாள்: "வேற என்னென்ன பொய் சொல்லியிருக்கீங்க?"

"அது ஒண்ணுதான்."

நம்புவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்பா தன்னைக் கூப்பிடவில்லை என்பது ஆறுதலாகவும் இருந்தது. வேறொரு விதத்தில் வலிக்கவும் செய்தது. இரண்டில் எது பெரியது என்று நாளுக்கு நாள் மாறியது.

மே மாதம் கெப்பாலா பத்தாஸில் குகனின் அத்தை வீட்டில் நிச்சயதார்த்தம். சைக்கிளில் போகிற தூரமில்லை. அவளாகவே காரில் வந்து உட்கார்ந்தாள். பாலத்தின் நடுவில் வரிசை நின்றுவிட்டது. அவள் கால் ஆடத் தொடங்கியது. சன்னலை முழுக்க இறக்கினாள். குகன் அவள் பக்கம் திரும்பாமல், முன்னால் இருந்த வண்டியைப் பார்த்தபடி இருந்தான்.

"அன்னிக்கு காலையில என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள். "மத்தியானத்துக்கு முன்னாடி. நடந்தத மட்டும் சொல்லுங்க."

"காப்பி கேட்டாரு. தாதி கொடுக்கக்கூடாதுன்னுட்டா. கோவிச்சுக்கிட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் எனக்குத் தெரியாம திரும்பி, நான் குடிச்சு மிச்சம் வச்சிருந்த காப்பிய எடுத்துக் குடிச்சிட்டாரு."

துளசி சன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவள் கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"சீனி போட்டதா?"

"போட்டதுதான்," என்றான் குகன். முன்னால் இருந்த வண்டி ஓரடி நகர்ந்தது.