பூசைக்கு நின்ற ப்ராக்ஸி

என் கணினிக்கு யாரும் பொட்டு வைக்கக் கூடாது. ஆயுத பூஜையன்று மிக்சிக்கு வைக்கட்டும், ஸ்கூட்டருக்கு வைக்கட்டும், தையல் மிஷினுக்குப் பட்டையே அடிக்கட்டும். என் மேசைப் பக்கம் சந்தனக் கிண்ணத்தோடு வந்தால் மட்டும் எனக்குக் கெட்ட கோபம் வரும். "அப்பிடி என்னதான் கோவமோ" என்று வீட்டில் முணுமுணுப்பார்கள். சொல்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் என் தாய்மாமா பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். அம்மா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். டிப்ளமோ முடித்த கையோடு அங்கே உட்கார்ந்தேன். உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான்.

எட்டு கேபின், ஒரே இணைய இணைப்பு. அதை எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்தது என் காலடியில் கிடந்த ஒரு லினக்ஸ் பெட்டி. அதில் ஓடிய ப்ராக்ஸி சர்வர் என்ற மென்பொருள் படுத்தால் கடையே படுத்துவிடும். கூட்டமான நேரம் பார்த்துத்தான் அந்தச் சனியன் படுக்கும். எழுப்பத் தெரிந்தவள் நான் ஒருத்தி. காய்ச்சல் என்று லீவு போட்டால்கூட, தாடிக்கொம்பில் எங்கள் வீட்டு வாசலுக்கு ஆட்டோவை அனுப்பிவிடுவார் மாமா.

அந்த வருடம் சென்னையில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. ஆயுத பூஜை சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை சேர வேண்டும். வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் போன் கிடையாது, கடை நம்பரைத்தான் கொடுத்திருந்தேன்.

மாமா தடுக்கவில்லை. "போ தாயி, யாரு வேணாம்னா? அந்த ப்ராக்ஸிய மட்டும் புதுசாப் போட்டுட்டுப் போயிரு. நீ போனப்புறம் அது படுத்துச்சுன்னா நான் எங்க போயி முட்டிக்கிறது?" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

கடையில் ஆள் இல்லாத நாள் ஆயுத பூஜை ஒன்றுதான். சனிக்கிழமை காலையிலேயே வேலையை ஆரம்பித்தேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. பெட்டியிலேயே இருக்கும் பேக்கேஜ் மேனேஜர் என்ற நிரலுக்கு ஒரு வரி தட்டிவிட்டால், வேண்டியதை அதுவே இணையத்திலிருந்து இறக்கி, பழையதைக் கழற்றி, புதியதை மாட்டிவிடும். நடுவில் யாரும் கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான். நம் ஊர் இணைப்பின் வேகத்தில் இறக்கவே வெகுநேரம் ஆனது.

மாமா பொரி, கடலை, வாழைப்பழத்தோடு வந்து நின்றார்.

"மாமா, செத்த நேரம் பொறுங்க. பழசக் கழட்டிருச்சு, புதுச இன்னும் மாட்டல."

"நல்ல நேரம் முடியப் போகுது தாயி. வருசம் பூரா ஒழைச்ச சாமான், இன்னிக்காச்சும் மூச்சு விடட்டும்."

மெயின் சுவிட்சை அணைத்தார். யுபிஎஸ்ஸையும் அணைத்தார். "ஐயோ மாமா!" என்று நான் கத்தியது மணிச்சத்தத்தில் போய்விட்டது. மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், கடைசியில் என் நெற்றியிலும் வைத்தார். "நம்ம கடைக்குப் பெரிய ஆயுதமே இதானப்பா!" என்றதும் வந்திருந்த பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பழையதும் இல்லை, புதியதும் இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லி ஒரு வரி தட்டினால் போதும். ஆனால் பூசை போட்ட சாமானை மறுநாள் மறுபூசை முடியாமல் தொடக் கூடாதாம். கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன். "சாமி விசயத்துல வெளையாடாத" என்று கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஞாயிறு சாயங்காலம் எனக்கு பஸ். மாமா கோவிலுக்குப் போய், சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு, அதற்குப் பிறகுதான் வந்து சூடம் ஏற்றினார். ஓடிப்போய் உட்கார்ந்தேன். புதியது ஒழுங்காக ஏறிக்கொண்டது. ஆனால் பழையதற்கு நான் எழுதி வைத்திருந்த செட்டிங்குகள் அதற்குப் பிடிபடவில்லை. எந்த கேபினைத் திறந்தாலும் அனுமதி இல்லை, அனுமதி இல்லை என்றே காட்டியது. ஒவ்வொரு வரியாகத் திருத்தினேன். என்னை பஸ் ஏற்றிவிட அப்பா பையோடு வந்து வாசலில் நின்றார். மாமா எழுந்து வெளியே போனது ஓரக்கண்ணில் தெரிந்தது. முதல் கேபினில் ஒரு பக்கம் ஒருவழியாகத் திறந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். அப்பா இல்லை, பையும் இல்லை.

"மெசினு பாதி உசுராக் கெடக்கையில எப்பிடி மச்சான் போறதுன்னு கேட்டேன். சரிதான்னு போயிட்டாரு" என்றார் மாமா.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கத்தினேன். எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். "மாமன எதுத்துக்கிட்டு எப்பிடித்தா? காலையில போன் போட்டுச் சொல்லு, ஒரு நாள் பொறுக்க மாட்டாகளா?" என்றார். பையைப் பரண் மேல் ஏற்றியிருந்தார்.

திங்கட்கிழமை முதல் ஆளாகக் கடைக்குப் போனேன். சென்னைக் கம்பெனிக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, ஆபீஸ் இன்னும் திறக்கவில்லை. அதற்குள் கூட்டம் வந்து எட்டு கேபினும் நிரம்பிவிட்டது. ஒருவருக்கு பிரிண்ட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மாமாவின் மேசையில் போன் அடித்தது.

"ஆமாங்க, திண்டுக்கல்தான். அந்தப் புள்ளையா?" மாமா திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தில் துளி கள்ளம் இல்லை. "அது இங்கதாங்க வேலை பாக்குது. ரொம்ப நல்லாப் பாக்குது."

நான் மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் ரிசீவரை வைத்துவிட்டார். மூன்றாவது கேபினிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா பண்ணீங்க? இன்னிக்கு நெட்டு பறக்குது!"