பெயர் கேட்கப் போன எலியேசர்

எலியேசர் சார் காலையில் அந்தக் கறுப்பு அட்டை வேதத்தைத் திறந்தாரானால், கீழ் வீட்டில் அவர் மனைவி ஜெயக்கொடிக்கும் மாடியில் எனக்கும் கை வேலை ஓடாது. இன்றைக்கு என்ன வந்து தொலைக்கப் போகிறதோ என்று இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம்.

சேலையூரில் எங்கள் வீட்டுக் கீழ்ப் போர்ஷனுக்கு அவர்கள் எண்பத்தாறில் குடிவந்தார்கள். வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டரில் ரீடிங் எடுப்பது அவர் வேலை. எனக்கு என் அம்மன் போதும். அவர்கள் சாமியோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை. என் வழக்கெல்லாம் அவர் வாசிக்கிற விதத்தோடுதான். மற்றவர்கள் வாசிப்பார்கள், கண்ணை மூடுவார்கள், எழுந்து காபி குடிக்கப் போவார்கள். இந்த மனிதர் ஓர் அதிகாரம் வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்காருவார். பிறகு, "ஜெயா, இன்னிக்கு இதான்" என்பார். அதில் என்ன சொல்லியிருக்கிறதோ அதைப் பொழுது சாய்வதற்குள் செய்துவிட வேண்டும். இரண்டு வைத்திருப்பவன் ஒன்றைக் கொடுக்கட்டும் என்று ஒருநாள் வந்தது. சித்திரை வெயிலில், வீட்டிலிருந்த டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு போய் தெருமுனையில் துணி தேய்க்கிறவருக்குக் கொடுத்துவிட்டார். "ரெண்டாவது ஃபேன் எங்கய்யா கீது?" என்று கேட்டேன். "மேலே சுத்துதே அக்கா" என்று சீலிங்கைக் காட்டினார். கரண்ட் விட்டு விட்டு வந்த அந்தக் கோடை முழுக்க ஜெயக்கொடி என்னிடம் வந்து புலம்பினாள். அது ஆயிற்றா, இன்னொரு நாள் கள்ளத் தராசைப் பற்றி வாசித்தார். அன்றைக்கே என் தோட்டத்து மோட்டார் மீட்டரைத் தொடாமல் ஓடுவதைக் கண்டுபிடித்து, "அக்கா, நீங்களே சரி பண்ணிடுங்க, இல்லாட்டி நான் எழுதணும்" என்று கைகட்டி நின்றார். குடியிருக்கிறவனே வீட்டுக்காரியை மிரட்டுகிறானே என்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனாலும் சரி பண்ணினேன். அவர் கைகட்டி நிற்கும்போது திட்ட வாய் வராது.

தொண்ணூற்றிரண்டில் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஜெயக்கொடிக்கு ஒரே தம்பி, ஐசக். தாய் இல்லாமல் இவள் இடுப்பில் வளர்ந்த பிள்ளை. ஏசி மெக்கானிக் வேலை கற்று, நாலு வருஷம் ஏஜெண்டுகள் பின்னால் அலைந்து, கடைசியில் மஸ்கட்டுக்கு விசா வந்திருந்தது. வியாழக்கிழமை விமானம். அதற்கு முந்தின ஞாயிறு, அத்தானைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பைக்கில் வேதக்கோயிலுக்குக் கிளம்பினான். நேரமாகிவிட்டது. கேம்ப் ரோட்டு வளைவில், சைக்கிளில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு வந்த ஒருவரை அடித்துவிட்டான். எலியேசர் சார் "நிறுத்துடா, நிறுத்துடா" என்று முதுகில் குத்தியும் அவன் கோயில் வாசலில்தான் பைக்கை நிறுத்தியிருக்கிறான். சார் உள்ளே போகவில்லை. நடந்தே திரும்பி அந்த வளைவுக்கு வந்தார். ரோடெல்லாம் மீன் சிதறிக் கிடந்தது, காக்கைகள் இருந்தன, ஆள் இல்லை. யாரோ ஆட்டோவில் ஏற்றிப் போய்விட்டார்கள் என்றார்கள்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல், "நான் ஸ்டேஷனுக்குப் போறேன்" என்றார். ஜெயக்கொடி கதவை மறித்துக்கொண்டு நின்றாள். நான் மாடிப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அந்தப் படி அவர்கள் ஜன்னலை ஒட்டியே இறங்குகிறது. கேட்காதே என்றாலும் கேட்கும்.

"வியாழக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. உங்க கால்ல விழறேன். கேஸுன்னு ஆனா பாஸ்போர்ட்டைப் பிடுங்கிடுவாங்க. அவனுக்கு வேற என்ன இருக்கு?"

"அந்த ஆளு உயிரோட இருக்காரா இல்லையான்னே தெரியலையே, ஜெயா."

"யாரோ பார்த்துப்பாங்க. அதான் கூட்டிட்டுப் போயிட்டாங்களே!"

அவள் அழுத அழுகையில் அவர் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். கடைசியில், "சரி. நாளைக்குக் காலையில வாசிப்பேன். அது என்ன சொல்லுதோ அதைச் செய்வேன். இதுக்கு மேல என்னைக் கேக்காதே" என்றார்.

சாயங்காலம் ஜெயக்கொடி மாடிக்கு வந்தாள். "அக்கா, நாளைக்கு வர்ற அதிகாரத்தைத் திறந்து பார்த்தேன். வழியில ஒருத்தன் அடிபட்டுக் கிடக்கறான். ரெண்டு பேர் பார்த்துட்டுப் பார்க்காத மாதிரி போறாங்க. மூணாவது ஆள் வந்து தூக்கறான். அதே கதை, அக்கா!"

"ஐயோ, என்னாடி இது!" என்றேன்.

"ரிப்பனை எடுத்து வேற இடத்துல வெச்சுட்டேன்." வேதத்தில் வாசித்த இடத்துக்கு அடையாளமாக ஒரு சிவப்பு ரிப்பன் கிடக்கும். அதை எடுத்துப் பழைய பகுதியில், வெறும் பெயர்களாக வரும் அதிகாரத்தில் செருகிவிட்டாளாம். இவன் அவனைப் பெற்றான், அவன் இன்னொருவனைப் பெற்றான் என்று வம்ச வரிசை. "அதுல செய்யறதுக்கு ஒண்ணுமே கிடையாது, அக்கா. பேருங்க மட்டும்தான்."

"நல்ல வேலை செஞ்ச, போ" என்று நானும் முதுகில் தட்டி அனுப்பினேன்.

திங்கள் காலை நான் படியில்தான் உட்கார்ந்திருந்தேன். மடியில் கீரை இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர் வேதத்தைத் திறந்தார். ரிப்பனைப் பார்த்தார். தலையைத் தூக்கி ஜெயக்கொடியை ஒருமுறை பார்த்தார். அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவருக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தைப் புரட்டி விட்ட இடத்துக்கே போகப் போகிறார், கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. ரிப்பன் இருந்த இடத்திலேயே வாசிக்க ஆரம்பித்தார். வாயில் நுழையாத பெயர்களை ஒவ்வொன்றாக, எழுத்துக் கூட்டி, ஒன்றையும் விடாமல் வாசித்து முடித்தார்.

அப்புறம் பேசாமல் உட்கார்ந்தார். ஜெயக்கொடி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"ஜெயா, இன்னிக்கு இதான்" என்றார். "இத்தனை பேரு. என்ன செஞ்சாங்கன்னுகூடத் தெரியாது. ஆனா ஒருத்தர் பேரையும் ஆண்டவர் விட்டுடல. அந்த மீன்காரர் பேரு என்னன்னு எனக்குத் தெரியாது. நான் போய்க் கேட்டுட்டு வரேன்."

அடக் கடவுளே! எதைச் செருகினாலும் இந்த மனுஷனுக்கு அதில் ஒரு வேலை இருக்கிறதே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

ஜெயக்கொடி படிக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "கூடவே போங்க அக்கா. பேரைக் கேக்கட்டும். ஸ்டேஷன் பக்கம் திரும்பினா இழுத்துட்டு வந்துடுங்க." நானும் புடவையை மாற்றிக்கொண்டு, காவல்காரி மாதிரி அவர் பின்னால் போனேன். கேம்ப் ரோட்டு வளைவில் எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

பெரியாஸ்பத்திரியில் எலும்பு முறிந்தவர்களைப் போட்டிருந்த வார்டில், சுவரோரக் கட்டிலில் அந்த ஆள் கிடந்தார். வலது கால் இடுப்பு வரைக்கும் கட்டு. பக்கத்தில் அவர் மனைவி தரையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். எலியேசர் சார் கட்டிலருகே போய் நின்றார். "ஐயா, உங்க பேரு என்னங்க?" என்றார்.

"தாமோதரன். இன்னாத்துக்கு சார் கேக்குறீங்க? நீங்க போலீஸா?"

"இல்லைங்க. பேரு கேக்கத்தான் வந்தேன்."

மனைவிக்கு வந்ததே கோபம். "பேரைக் கேட்டுக்கினு எல்லாரும் போறீங்க, எவன் இடிச்சான்னு கண்டுபிடிக்க ஆளைக் காணோம்! இவரைத் தூக்கிக்கினு வந்தான் பாரு ஆட்டோகாரன், அவன்தான் இடிச்சான்னு புடிச்சு உள்ள குந்த வெச்சுக்கீறாங்க. இந்தாளு இல்ல இல்லன்னு சொல்றாரு, யாரு காதுல வாங்குறா?"

"எந்த ஆட்டோகாரன்?" என்று நான் கேட்டேன்.

"கோதண்டம்னு பேரு. சேலையூர்க்காரன். பாவம், அவனுக்குச் சோறு போச்சோ இன்னாவோ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோதண்டம் எங்கள் தெருக்கோடிப் பையன். வெள்ளிக்கிழமை தோறும் என்னைப் பல்லாவரம் சந்தைக்கு ஏற்றிப் போய், மூட்டையை மாடி வரைக்கும் தூக்கி வைப்பவன். யாரோ பார்த்துப்பாங்க என்று ஜெயக்கொடி சொன்னாளே, அந்த யாரோ இவன்தான். ரிப்பனை மாற்றினதுக்கு முதுகில் தட்டினேனே, எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வேன்!

ஆஸ்பத்திரி வாசலில் எலியேசர் சார் நின்று என் முகத்தைப் பார்த்தார். "அக்கா, நீங்க என்னை இழுத்துட்டுப் போகணும் இல்லையா?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"இன்னாயா நின்னுகினு கீற? நட!" என்று கத்தினேன். ஸ்டேஷனுக்கு அவருக்கு முன்னால் நான்தான் நடந்தேன்.

இன்ஸ்பெக்டரிடம் அவர் சுற்றி வளைக்கவில்லை. பைக் என் மச்சினனுடையது, அவன்தான் ஓட்டினான், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன், நாங்கள் நிற்காமல் போனோம், அந்த ஆட்டோக்காரர் இடிக்கவில்லை என்றார். இன்ஸ்பெக்டருக்கு நம்பிக்கை வரவில்லை. "யாரும் கேக்காம நீங்களா வந்து சொல்றீங்க. ஏன் சார்?"

"நேத்தே வந்திருக்கணும் சார். பயந்துட்டேன்."

கோதண்டத்தை வெளியே விட்டார்கள். கசங்கின சட்டையோடு வந்தவன் என்னைப் பார்த்ததும், "ஆயா, வூட்ல தேடியிருப்பாங்களே" என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதான்.

நாங்கள் வீடு திரும்பியபோது, அத்தான் கிளம்பிப் போனதைக் கேள்விப்பட்டு, ஐசக் வாசலில் பெட்டியோடு நின்றான். எங்களோடு ஒரு போலீஸ்காரர் வந்து கேட்டில் நின்றதைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "சொல்லிட்டீங்களா அத்தான்? நல்லா இருங்க! பின்பக்கமாப் போயி பம்பாய் வண்டியப் பிடிக்கறேன். அங்கேருந்து பிளேன் ஏறிக்கறேன். அக்கா, பின்கதவைத் திற!"

ஜெயக்கொடி என்னைப் பார்த்தாள். அவள் கேட்கவில்லை, நான்தான் சொன்னேன். "நம்ம கோதண்டத்தைப் புடிச்சு வெச்சிருந்தாங்கடி. தூக்கிக்கினு போனவனை."

அவள் தம்பியை நேராகப் பார்த்தாள். பிறகு அவன் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். "சாப்ட்டுட்டுப் போ, ஸ்டேஷனுக்கு" என்றாள். தட்டு வைத்து, தானே பிசைந்து ஊட்டினாள். அவன் ஒவ்வொரு வாய்க்கும் அழுதான். எலியேசர் சாருக்குத் தட்டு வைக்கவில்லை. அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாஸ்போர்ட் போயிற்று, மஸ்கட் போயிற்று. அன்று சாயங்காலம் ஜெயக்கொடி குழாயடிக்கு வந்தாள். குடம் நிரம்பி வழிந்தது, அவள் பார்க்கவில்லை. "அக்கா, அந்த ஆளு பேரு என்ன?" என்று கேட்டாள். சொன்னேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

விளக்கு வைத்ததும் அவர்கள் வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கும். எப்போதும் அவர்தான் ஜெபிப்பார். அன்றைக்கு அவர் "ஆண்டவரே" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திவிட்டார். அப்புறம் ஜெயக்கொடியின் குரல் வந்தது. "ஆண்டவரே, எனக்கு இவர் மேல கோபம் தீரல. உம்ம மேலயும்தான். என் தம்பிக்கு இனிமே யாரு இருக்கா, நீர்தான் பார்க்கணும்." அழுது, மூக்கை உறிஞ்சி, மறுபடி ஆரம்பித்தாள். "அந்தத் தாமோதரனுக்குக் கால் கூடணும். நல்லாக் கூடணும்." எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த பிறகுதான் எழுந்தேன்.

மறுநாள் காலை எலியேசர் சார் வேதத்தைத் திறந்தபோது, ரிப்பன் பழைய இடத்துக்கே வந்திருந்தது. அடிபட்டுக் கிடந்தவனின் கதையை அவர் நிதானமாக வாசிக்க ஆரம்பித்தார். பாதி வாசிக்கும்போதே ஜெயக்கொடி தூக்குச் சட்டியோடு வாசலுக்கு வந்து, படியில் இருந்த என்னைப் பார்த்து, "அக்கா, அந்த ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்?" என்றாள்.

"இருடி, அவரு வாசிச்சு முடிக்கட்டுமே."

"அவர் முடிக்க நேரமாகும் அக்கா. கஞ்சி ஆறிடும்."